நீச்சல் குளத்துக்குப் புதுப் பூச்சு: தடவியும் தட்டியும் எடுத்த முடிவு

குளத்தை விட்டு ஏறிய மகனின் கால் கட்டைவிரல் சிராய்த்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதே வாரத்தில் மகளின் நீச்சல் உடை பின்பக்கம் நூல் நூலாகப் பிரிந்து வந்தது. படியில் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்திருக்கிறது. படியைத் தடவிப் பார்த்தேன். உப்புத்தாளைத் தடவியது போல இருந்தது.

எங்கள் குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். ஆழம் ஒரு முனையில் 1.1 மீட்டர், மறுமுனையில் 1.8 மீட்டர். கான்கிரீட் தொட்டி, அதன்மேல் வெள்ளை சிமெண்டும் சலவைக்கல் தூளும் கலந்து 12 மி.மீ. கனத்தில் பூசிய சாதாரண வெள்ளைப் பூச்சு. பூசி 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த வகைப் பூச்சு ஏழு ஆண்டிலும் போகும், பதினைந்து ஆண்டும் நிற்கும். வயதாகிவிட்டது என்று சொல்லி அன்றே ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடாததற்கு என் சிக்கனம் ஒரு காரணம், குழப்பம் இன்னொன்று. அப்போது குளத்தில் மூன்று கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன: சொரசொரப்பு, கறை, தண்ணீர் குறைவது. மூன்றும் ஒரே நோய், பூச்சு போய்விட்டது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தபோதுதான் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்திலிருந்து வந்தது தெரிந்தது.

தண்ணீர் குறைவதை முதலில் எடுத்துக்கொண்டேன். அதற்கு ஒரு வாளி போதும். குளத்து நீரையே வாளியில் நிரப்பி, மிதக்காமல் இருக்க ஒரு கல்லைப் போட்டு, மேல்படியில் வைத்தேன். வாளிக்குள் நீர் நிற்கும் இடத்தில் ஒரு கோடு, வெளியே குளத்து நீர் நிற்கும் இடத்தில் ஒரு கோடு. பம்பை நிறுத்திவிட்டு 24 மணி நேரம் தொடவில்லை. வெயிலும் காற்றும் இரண்டுக்கும் பொது என்பதால் ஆவியாவது இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். வாளியில் 6 மி.மீ. இறங்கியிருந்தது, குளத்தில் 11. மிச்சம் 5 மி.மீ. எங்கோ ஒழுகுகிறது. 32 சதுர மீட்டர் பரப்புக்கு 5 மி.மீ. என்றால் நாளொன்றுக்கு 160 லிட்டர்.

அடுத்தது சாயம். நீர் அசையாமல் நின்ற ஒரு காலையில், ஊசியில்லாத சிரிஞ்சில் சாயத்தை எடுத்துக்கொண்டு மூழ்கி, சந்தேகப்பட்ட ஒவ்வொரு விரிசலின் அருகிலும் ஒரு சொட்டு விட்டேன். எங்கும் அது புகை மாதிரி அப்படியே தொங்கியது. விளக்கு மாடத்துக்குள் மட்டும், வயர் போகும் குழாயின் வாயை நோக்கி நேர்க்கோடாக இழுபட்டுப் போனது. மெயினிலேயே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, விளக்கைக் கழற்றி, நீருக்கடியிலும் இறுகும் எபாக்சி புட்டியால் அந்த வாயை அடைத்தேன். மறுபடி வாளி. இரண்டிலும் 6 மி.மீ. முழுக் குளத்தையும் புதிதாகப் பூசியிருந்தாலும் அந்தக் குழாய் தன் பாட்டுக்கு ஒழுகிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

கறைகளில் இரண்டு வகை. படிக்குக் கீழே பரவியிருந்த பழுப்பை ஒரு வைட்டமின் சி மாத்திரையால் தேய்த்தேன். தேய்த்த இடம் மட்டும் வெளுத்தது. அப்படியானால் அது நீரில் கரைந்து வந்த இரும்பு. பூச்சைத் தொடாமலே போக்கிவிடலாம். ஆழமான பக்கத்துச் சுவரில் இருந்த இரண்டு புள்ளிகள் வேறு சாதி. தேய்த்தால் மங்கும், இரண்டு வாரத்தில் அதே இடத்தில், அதே வடிவத்தில் திரும்பி வரும். உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

மிஞ்சியது சொரசொரப்பு. இங்கே ஒரு ஒப்புதல் வாக்குமூலம் தேவைப்படுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் பூச்சு இதே போல மங்கிச் சொரசொரத்தது. அப்போது குளத்தை வடித்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவினேன். குளம் கட்டிய அன்று போலப் பளிச்சிட்டது. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். அமிலக் கழுவல் அழுக்கை மட்டும் எடுப்பதில்லை. பூச்சின் மேல்தோலையே கரைத்து எடுக்கிறது. சிமெண்டுப் பசை கரைந்து, நுண்ணிய குழிகள் திறந்துகொள்கின்றன. அந்தக் குழிகளில் பாசி உட்கார்ந்தால் பிரஷ் எட்டாது. ஒரு கோடைக்காலம் முழுக்கப் பெருமைப்பட்டேன். அடுத்த கோடையில் முன்பைவிட மோசம்.

ஆனால் அமிலம்கூடக் கடைசி அடிதான். முதல் அடியை ஆண்டுக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்தது நான் ஊற்றிய தண்ணீர். பழைய சோதனைக் குறிப்பேட்டைப் புரட்டினேன். வெண்ணிற மாத்திரைக் குளோரினை ஆண்டு முழுவதும் பயன்படுத்தியிருக்கிறேன். அந்த மாத்திரை கடும் அமிலத்தன்மை உடையது. போடப் போட நீரின் பிஎச் அளவும், அமிலத்தைத் தாங்கும் திறனான காரத்தன்மையும் இறங்கும். பல மாதங்கள் பிஎச் 7.0, காரத்தன்மை 40, கால்சியக் கடினத்தன்மை 90 என்றே எழுதி வைத்திருக்கிறேன் (கடினத்தன்மை என்பது நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தின் அளவு; கடைசி இரண்டும் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு). எழுதினேனே தவிர, என்றைக்கும் கூட்டிப் பார்க்கவில்லை.

கூட்டிப் பார்ப்பதற்கென்றே ஒரு குறியீடு இருக்கிறது. லாங்கேலியர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1936-இல் வெளியிட்டது. நீச்சல் குளத்துக்காக அவர் அதைச் செய்யவில்லை. ஊர்க் குடிநீர்க் குழாய்கள் அரிக்கப்படாமல் காப்பதற்காகச் செய்தார். பிஎச், வெப்பம், கால்சியம், காரத்தன்மை ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால் நீர் சுண்ணாம்பைக் கரைக்குமா, படிய வைக்குமா என்று சொல்லிவிடலாம். பூஜ்யம் என்றால் சமநிலை. குளத்துக்குக் கழித்தல் 0.3-க்கும் கூட்டல் 0.3-க்கும் இடையில் இருந்தால் நல்லது. என் கணக்கு, 28 பாகை வெப்பத்தில், கழித்தல் 1.2-க்குக் கீழே வந்தது. பசித்த தண்ணீர். அது தன் கால்சியப் பசிக்குக் கிடைத்ததைத் தின்றிருக்கிறது. கிடைத்தது என் சுவர். தண்ணீர் கண்ணாடி போல இருந்ததால் நான் சந்தேகப்படவே இல்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும் பூச்சை மாற்றித்தான் ஆக வேண்டுமா என்ற கேள்வி அப்படியே நின்றது. சொரசொரப்பு மட்டும் என்றால், நீரைச் சரிசெய்து, மேடுகளைத் தேய்ப்புக் கல்லால் தேய்த்து, இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு விஷயம்தான் முடிவைத் தீர்மானிக்கும்: பூச்சு கான்கிரீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா, இல்லையா?

அதைக் காதால்தான் கேட்க வேண்டும். மழையில்லாத காலம் பார்த்து நீர்மட்டத்தைப் பாதியாக இறக்கினேன். சுவரிலும் தரையிலும் ஒரு மீட்டர்க் கட்டங்களாக மெழுகுக் கட்டியால் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு சிறிய இரும்புத் தடியால் தட்டினேன். நன்றாகப் பிடித்திருக்கும் பூச்சு ‘டிங்’ என்று கூர்மையாகத் திருப்பிச் சொல்லும். விட்டுப்போன பூச்சு ‘பொக்’ என்று வயிறு உப்பிய மாதிரிச் சொல்லும். தேங்காயைத் தட்டி வாங்கத் தெரிந்த எவருக்கும் பத்து நிமிடத்தில் இது பிடிபட்டுவிடும். நீருக்குள் இருந்த கட்டங்களை மூழ்கித் தட்டினேன். நீரில் ஒலி இன்னும் தெளிவாகவே கேட்கிறது. மொத்தம் 67 கட்டங்கள். 19 பொக்கு. படிகளையொட்டி இரண்டு இடங்களில் பூச்சு தேய்ந்து, கான்கிரீட்டின் சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

ஒன்றிரண்டு கட்டங்கள் என்றால் வெட்டி எடுத்து ஒட்டுப் போட்டிருப்பேன். நான்கில் ஒரு பங்குக்கு மேல் பொக்கு என்றபோது வாதம் முடிந்தது. பழைய பூச்சின் மேலேயே பிணைப்புப் பூச்சு அடித்துப் புதியதைப் பூசலாமா என்ற ஆசை எனக்கு இருந்தது, வேலை பாதியாகும். வேலைக்குப் பேசியிருந்த மேஸ்திரி ஒரு பொக்குக் கட்டத்தில் உளியை வைத்து ஒரே தட்டு தட்டினார். அப்பளம் போல ஒரு துண்டு பெயர்ந்து கையில் வந்தது. “ஐயா, இதன்மேல் பூசினால் புதுப் பூச்சு இதைத்தான் பிடித்துக்கொள்ளும். இது எதைப் பிடித்துக்கொள்ளும்?” என்றார். முழுவதையும் கொத்துவது என்று முடிவானது.

வடிப்பதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குளம் கெட்டுப்போவதற்கான உண்மையான ஆபத்து இங்கேதான். வெறும் குளம் என்பது மண்ணுக்குள் புதைந்த ஒரு படகு. சுற்றியுள்ள நிலத்தடி நீர் குளத்தின் அடிமட்டத்தைவிட ஒரு மீட்டர் உயரமாக நின்றால், ஒவ்வொரு சதுர மீட்டர்த் தரையையும் ஒரு டன் எடை அளவுக்கு மேல்நோக்கித் தள்ளும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அது எதிர் எடை. வடித்துவிட்டால் தரை வெடிக்கலாம், முழுத் தொட்டியே எழும்பலாம். ஆழமான முனைக்கு வெளியே ஒரு துளையிட்டு, குழாய் ஒன்றை நட்டு, அதற்குள் நூலில் கட்டிய கல்லை இறக்கிப் பார்த்தேன். மூன்று மீட்டர்வரை ஈரம் இல்லை. மழை பெய்து ஓய்ந்த வாரமாக இருந்திருந்தால் இந்த வேலையையே தள்ளிப் போட்டிருப்பேன். நீர் இறங்கியதும் அடிவடிகாலில் இருக்கும் அழுத்தம் தணிக்கும் வால்வைத் திறந்து வைத்தோம். நிலத்தடி நீர் ஏறினால் அது உள்ளே வந்துவிடட்டும், தரையைத் தூக்க வேண்டாம்.

வடிக்கும் முன் குளோரின் போடுவதை நிறுத்தி, சோதனையில் பூஜ்யம் காட்டும்வரை காத்திருந்தேன். குளோரின் நீரைச் செடிகளிலோ ஓடையிலோ விடுவது பாவம், சட்டப்படி குற்றமாகவும் இருக்கலாம். மொத்தம் 46,400 லிட்டர். காலியான குளத்தைச் சுற்றி அன்றே தடுப்பு வைத்தோம். நீர் நிறைந்த குளத்தைவிட வெறும் குளத்தில் விழுந்தால்தான் எலும்பு முறியும்.

கொத்தும் வேலையில் நானும் இறங்கினேன். மின்சாரச் சுத்தியலால் மூன்று நாட்கள். முகமூடி இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. கான்கிரீட் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலை விட்டு வெளியே வராது. நீரைத் தெளித்துக்கொண்டே கொத்தினோம். 67 சதுர மீட்டர், 12 மி.மீ. கனம் என்றால் 0.8 கன மீட்டர் என்று காகிதத்தில் சின்னதாகத் தெரிகிறது. அள்ளும்போது அது ஒன்றரை டன்னுக்கு மேல். என் முதுகு அதை இன்னும் மறக்கவில்லை. நீர்மட்டத்து டைல்ஸ் வரிசைக்குக் கீழும், நீர் திரும்பும் வாய்களைச் சுற்றியும், விளக்கைச் சுற்றியும் ஆழமாக வெட்டிக் கொடுத்தோம். அங்கே புதுப் பூச்சு முழுக் கனத்தோடு முட்டி நிற்க வேண்டும். விளிம்பில் மெலிந்து போனால் முதலில் உதிர்வது அந்த இடம்தான்.

துருப் புள்ளிகள் இரண்டையும் திறந்தோம். ஒன்றில் எதிர்பார்த்தபடி கம்பி, மேற்பரப்புக்கு மிக அருகில். சுத்தமான இரும்பு தெரியும்வரை இருபுறமும் கொத்தி, கம்பிக்குப் பின்னாலும் இரண்டு சென்டிமீட்டர் இடம் விட்டு, கம்பி பிரஷால் தேய்த்து, துத்தநாகப் பிரைமர் அடித்து, சுருங்காத பழுதுபார்ப்புச் சாந்தால் அடைத்தோம். இன்னொன்றில் கம்பி இல்லை. ஒரு ஆணி. குளம் கட்டியவர்கள் எதற்காகவோ அடித்துவிட்டு மறந்துபோன ஒரே ஒரு ஆணி, 14 ஆண்டுகளாக என் சுவரில் பழுப்பு நிறத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

பூச்சுக்கு அடியில் ஒரு விரிசலும் இருந்தது: படியில் தொடங்கி தரைவரை மூன்று மீட்டர். மயிரிழை விரிசல்கள் பூச்சோடு போய்விடும். கான்கிரீட்டில் ஓடும் விரிசல் அப்படி அல்ல. அது உயிருள்ளதா என்று தெரிய வேண்டும். நல்லவேளையாக, மூன்று மாதம் முன்பே பூச்சில் அது எட்டிப் பார்த்த இடத்தில் குறுக்கே இரண்டு கோடு போட்டு, இடைவெளியை அளந்து தேதி எழுதி வைத்திருந்தேன். இடைவெளி மாறவில்லை. ஆங்கில வி எழுத்து வடிவத்தில் வெட்டித் திறந்து எபாக்சி செலுத்தினோம். நகர்ந்துகொண்டிருந்த விரிசலாக இருந்தால் எந்தப் பூச்சும் அதை மறைத்து வைத்திருக்க முடியாது. கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட்டிருப்பேன்.

எதைப் பூசுவது என்பதில் நான் அதிக நேரம் செலவழிக்கவில்லை. பெயிண்ட் எளிது, ஆனால் சில ஆண்டுக்கு ஒருமுறை உரிந்து நிற்கும். உரிந்த பெயிண்ட்டை எடுப்பது பூச்சைக் கொத்துவதைவிடத் தொல்லை. கூழாங்கல் பதித்த பூச்சுதான் நெடுங்காலம் நிற்கும். ஆனால் நான் இந்தக் கதையையே ஒரு சிராய்த்த கட்டைவிரலில் தொடங்கினேன். மொசைக் டைல்ஸ் அழகு. சுவர் எல்லாம் நூல் பிடித்தது போல இருக்க வேண்டும், என் சுவர்கள் அப்படி இல்லை. வெள்ளை சிமெண்டில் சலவைக்கல் தூளுக்குப் பதிலாகக் குவார்ட்ஸ் மணல் கலந்த பூச்சை எடுத்துக்கொண்டோம். குவார்ட்ஸை அமில நீர் கரைப்பதில்லை. சிமெண்டைக் கரைக்கும், அதை மறந்துவிடக் கூடாது.

பூச்சை நானே பூசுவேன் என்ற வீராப்பு எனக்கு இல்லை. முழுக் குளமும் ஒரே நாளில், இடையில் நிற்காமல் முடிய வேண்டும். நிறுத்திய இடத்தில் ஒட்டுத் தெரியும். ஐந்து பேர் விடியுமுன் வந்தார்கள். மேகமூட்டமான, காற்றில்லாத நாளாகப் பார்த்துத்தான் அழைத்திருந்தேன். கான்கிரீட்டை முந்தைய நாளே அழுத்த நீரால் கழுவி, பிணைப்புப் பூச்சு அடித்தாயிற்று. முதலில் மெல்லிய ஒரு கை, அது இழுத்துக்கொண்டதும் இரண்டாவது கை. தரையை முடிக்கும்போது ஆணிச் செருப்பு அணிந்து ஈரப் பூச்சின் மேலேயே நடந்தார்கள். ஆணி விட்ட துளைகளைப் பின்னாலேயே எஃகுக் கரண்டி மூடிக்கொண்டு வந்தது. பார்க்க வேண்டிய காட்சி.

ஓர் இடத்தில் மட்டும் குறுக்கிட்டேன். காயத் தொடங்கிய மூலையில் ஒரு இளைஞர் கரண்டி ஓட வேண்டும் என்பதற்காகத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தேய்த்தார். அப்படிச் செய்தால் மேல்தோல் பலவீனமாகும், பின்னாளில் திட்டுத் திட்டாக நிறம் மாறும். மேஸ்திரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் வாயைத் திறக்குமுன் அவரே வாளியை எடுத்து வெளியே வைத்தார். சீக்கிரம் இறுகுவதற்குக் கால்சியம் குளோரைடு சேர்ப்பதையும் முன்பே பேசி நிறுத்தியிருந்தோம். குளிர் இல்லாத நாளில் அதற்கு வேலை இல்லை.

மறுநாள் காலை நிரப்பத் தொடங்கினோம். புதுப் பூச்சு காயக் கூடாது, நீருக்கடியிலேயே இறுக வேண்டும். குழாயின் வாயில் பழந்துணியைச் சுற்றி, மிக ஆழமான இடத்தில் வைத்து, நீர் தரையை அறையாமல் ஊற விட்டேன். நிமிடத்துக்கு 30 லிட்டர் என்றால் கிட்டத்தட்ட 26 மணி நேரம். நடுவில் நிறுத்தக் கூடாது என்பதைச் சொல்லாத ஆள் இல்லை. நள்ளிரவு ஒரு மணிக்கு நீர் வரத்து நின்றுபோனது. இறைக்கும் மோட்டார் சூடேறி அணைந்திருந்தது. நான் விழித்துப் பார்த்தபோது மணி மூன்று. இரண்டு மணி நேரம் ஒரே மட்டத்தில் நின்ற நீர், ஆழமான சுவரில் ஒரு மெல்லிய வளையத்தை வரைந்துவிட்டது.

அடுத்த 28 நாட்கள் குளத்துக்கு அடிமையாக இருந்தேன். சிமெண்ட் இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடை வெளிவிடும். அது பிஎச் அளவை மேலே தள்ளும். காலையில் 7.4-க்குக் கொண்டுவந்தால் மறுநாள் 8.2. மறுபடி கொஞ்சம் அமிலம், எப்போதும் அமிலத்தை நீரில் ஊற்றி, நீரை அமிலத்தில் அல்ல. பூச்சிலிருந்து வெள்ளைத் தூசி கிளம்பிக் குளம் மோர் நிறமானது. அதை அப்படியே விட்டால் படிந்து இறுகிவிடும். நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு வாரம், சுவர் முழுக்க நைலான் பிரஷ். முதல் மூன்று நாட்கள் பம்பு இரவும் பகலும் ஓடியது, குளோரின் இல்லை. சக்கரம் வைத்த உறிஞ்சியை இறக்கவில்லை. சக்கரத் தடம் விழும். தூசி அடங்கும்வரை யாரையும் இறங்க விடவில்லை, பிள்ளைகள் என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள்.

நிரப்பிய நீரின் கடினத்தன்மை வெறும் 60. பழைய பசி மறுபடி தொடங்கிவிடக் கூடாது. நான்காம் நாள் அதை 150-க்கு உயர்த்த நாலரைக் கிலோவுக்குச் சற்று மேல் நீரற்ற கால்சியம் குளோரைடு தேவைப்பட்டது. கரைக்கும்போது வாளி கை பொறுக்காத அளவுக்குச் சூடாகிறது. பகுதி பகுதியாகக் கரைத்து, ஆறவிட்டு ஊற்றினேன். மாதக் கடைசியில் 250-க்குக் கொண்டுவந்தேன். மாத்திரைக் குளோரினை நிறுத்திவிட்டுத் திரவக் குளோரினுக்கு மாறினேன். இது பிஎச் அளவை இறக்காது, மெல்ல ஏற்றும். அதை அமிலத்தால் பிடித்துக்கொள்ளலாம்.

28-ஆம் நாள் குறிப்பேட்டில் எழுதியது: பிஎச் 7.5, காரத்தன்மை 80, கடினத்தன்மை 250, வெப்பம் 28 பாகை. இந்த முறை கூட்டியும் பார்த்தேன், பூஜ்யம். வாளியை மறுபடி படியில் வைத்தேன், உள்ளேயும் வெளியேயும் 6 மி.மீ. சுவரில் அந்த நள்ளிரவு வளையம் அப்படியே இருக்கிறது. மகன் மூழ்கிப் போய் அதைத் தொட்டுவிட்டு வருவதை ஒரு பந்தயமாக வைத்துக்கொண்டிருக்கிறான். அமிலத்தால் தேய்த்தால் அது போய்விடும் என்று ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.